சாயம் எங்கே போச்சு?

அத்தியாயம் 6

முதலாளி மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

“துணிக்குச் சாயம் போட்டு முடிச்ச தண்ணி, நம்ம சுத்திகரிப்புல ஓடி, சுத்தமாகி, நேரா இந்தத் தொட்டிக்கு வந்த தண்ணி. மீன் எப்படி நீந்துது பாருங்க. மனுஷன் பொய் சொல்லுவான். மீன் சொல்லாது.”

நாத்தனார் குனிந்து கண்ணாடித் தொட்டிக்குள் பார்த்தாள். ஆரஞ்சு நிறத்தில், வால் விரிந்த ஒற்றை மீன். அவளைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

“ஏதோ சொல்ல வருது அண்ணி. முதலாளி பக்கத்துல நிக்கறாருன்னு அடக்கிக்குது.”

“அவசரப்படுத்தாதே. சொல்லட்டும்,” என்றாள் அண்ணி. அவள் பார்த்துக்கொண்டிருந்தது மீனை அல்ல, மீனுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களை.

அண்ணி பதினெட்டு வருடம் தொழிற்சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவள். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டு, மேலதிகாரிகளின் அன்பான வற்புறுத்தலின் பேரில் ராஜினாமா செய்தவள். இப்போது அதே கேள்விகளைத் தனியாக, துப்பறியும் தொழில் என்ற பெயரில் கேட்கிறாள். நாத்தனார், அண்ணியின் கணவருடைய தங்கை. இருபது வருடமாக டிரைகிளீனிங் கடை நடத்துகிறாள். அந்தக் கடையின் மாடியில்தான் அண்ணியின் அலுவலகம். யார் எந்தக் கறையோடு வந்து என்ன பொய் சொன்னார்கள் என்று நாத்தனாருக்கு மனப்பாடம். துப்பறிய இதைவிடப் பெரிய படிப்பு எதுவும் கிடையாது என்பது அவள் கட்சி. அண்ணி அதை மறுத்ததில்லை. மறுத்தால் சம்பளமில்லாத உதவியாளருக்கு எங்கே போவது?

இந்த வழக்கு மாடிப்படி ஏறி வந்து மூன்று நாள் ஆகிறது. கொண்டுவந்தவள் ஒரு வேதியியல் ஆராய்ச்சியாளர். ஆள் நாலே முக்கால் அடி. தொழிற்சாலையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பொடி டாக்டர். உயரத்தைப் பார்த்து வைத்த பெயரில்லை என்று அவளே முதலில் தெளிவுபடுத்திவிட்டாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று பொடி.

“உலோக அணுவை மூலைக்கு ஒண்ணா நட்டு, நடுவுல கரிமச் சட்டம் கட்டிக் கோத்துக்கிட்டே போனா, கூடு கூடா ஒரு பொருள் கிடைக்கும். உள்ள முழுக்க ஓட்டை. ஒரு ஸ்பூன் பொடிக்குள்ள இருக்கிற சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சா ஒரு ஃபுட்பால் மைதானம் வரும். சாயத் தண்ணி உள்ள நுழைஞ்சா, சாயம் அந்தக் கூட்டுக்குள்ள தங்கிடும். தண்ணி மட்டும் வெளியில வரும்.”

“வாடகைக்கு விட்ட வீடு மாதிரி,” என்றாள் நாத்தனார். “உள்ள போனவன் காலி பண்ண மாட்டான்.”

“முறையா கழுவினா காலி பண்ணிடுவான். திரும்பவும் வாடகைக்கு விடலாம்.”

அதுவரை நல்ல கதைதான். அந்தப் பொடியை உருண்டை உருண்டையாக்கி, மூன்று உயரமான தூண்களில் நிரப்பி, ஒரு மாதத்துக்கு முன் இந்தத் தொழிற்சாலையில் ஓட விட்டார்கள். ஏற்பாடு செய்தது இங்கே சுத்திகரிப்புப் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கும் பொடி டாக்டரின் சொந்த அண்ணன். முதலாளி அவள் பெயரைப் பித்தளைப் பலகையில் வெட்டி மாட்டினார். ஆறு நாளைக்கு முன், தொட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் தொழிலாளி ஒருவர் மூச்சுத் திணறி அங்கேயே விழுந்தார். எல்லோரும் தொட்டிக்காரர் என்று கூப்பிடும் மனிதர். பொடி மூட்டை தூக்கியவர் என்று யாரோ சொல்ல, பொடியிலிருந்த உலோகம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் முடிவு கட்டி, உலோக விஷத்துக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆராய்ச்சி நிலையம் பொடி டாக்டரின் அறையைப் பூட்டிவிட்டது. பித்தளைப் பலகை மறுநாளே காணாமல் போனது. இந்த ஊரில் வேகமாக நடந்த ஒரே வேலை அதுதான்.

“என் பொடிதான் காரணம்னா நான் ஒத்துக்கறேன்,” என்றாள் பொடி டாக்டர் அன்றைக்கு. “ஆனா காரணம் அது இல்லேன்னா, அவருக்குத் தப்பான வைத்தியம் நடந்துக்கிட்டிருக்கு. ஆறு பேர்கிட்ட சொல்லிட்டேன். என் பேரைக் காப்பாத்திக்கப் பேசறேன்னு நினைக்கிறாங்க.”

அண்ணி அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தீவிர சிகிச்சை அறை வாசல் பெஞ்சில் தொட்டிக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பொடி டாக்டரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிளம்பும்போது மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கி நாத்தனார் கையில் திணித்தாள். “அன்னிக்கு அவர் போட்டிருந்த சட்டை. இதையும் எடுத்துட்டுப் போங்க. என்னால பார்க்க முடியலை.”

அந்தச் சட்டையைக் கடையின் இஸ்திரி மேஜையில் விரித்துப் போட்டு, நாத்தனார் பத்து நிமிஷம் வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு அதுவே பெரிய தடயமாகப் பட்டது.

இன்றைக்குக் காலை பத்து மணிக்கு முதலாளியின் மீன்.

“பொடி நல்ல பொடிதானா, கெட்ட பொடியா? எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை,” என்றாள் அண்ணி. “தண்ணியைச் சுத்தம் பண்ணிச்சுன்னும் சொல்றீங்க, ஆளைச் சாய்ச்சதுன்னும் சொல்றீங்க.”

“தண்ணிக்கு நல்லது. ஆளுக்குக் கெட்டது,” என்றார் முதலாளி, ஒரு வினாடி கூட யோசிக்காமல். “தண்ணி சுத்தம்னு எனக்குச் சான்றிதழ் வந்தாச்சு. ஆள் விழுந்ததுக்கு அந்தம்மா பொறுப்பு.”

“அழகா பாகம் பிரிச்சுட்டீங்க.”

முதலாளி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அண்ணி சுவரிலிருந்த மூன்று போட்டோக்களையும் விரலால் தொட்டுக் காட்டினாள். மூன்றிலும் முதலாளி. மூன்றிலும் மீன் தொட்டி. “இது யாரு?”

“ஆய்வுக் குழு. தண்ணியைப் பரிசோதிச்சுச் சான்றிதழ் கொடுத்தவங்க.”

“நான் கேட்டது மீனை. இதுல வெள்ளை உடம்புல சிவப்புப் புள்ளி. அடுத்த வாரம் பத்திரிகைக்காரங்களோட எடுத்ததுல மீன் கறுப்பு. அதுக்கடுத்த வாரம் சாம்பல். இன்னிக்கு ஆரஞ்சு.”

“நான் இங்க துணிக்கு மட்டும்தான் சாயம் போடறாங்கன்னு நினைச்சேன்,” என்றாள் நாத்தனார்.

முதலாளி போட்டோவையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதர் நிஜமாகவே இதுவரை பார்த்ததில்லை. போட்டோவில் தன் முகத்தைத் தாண்டி அவர் கண் போனதே இல்லை.

“வளர வளர நிறம் மாறும்னு சூப்பர்வைசர் சொன்னாரே,” என்றார் மெதுவாக. “தொட்டியை அவர்தான் பார்த்துக்கறார். தண்ணி மாத்தறதும் அவர்தான்.”

“வாரத்துக்கு ஒரு மீன் சாகுது. வாரத்துக்கு ஒண்ணு வாங்கி விடறாங்க,” என்றாள் அண்ணி. “மனுஷனைவிட மீன் உண்மையைச் சொல்லும்னு சொன்னீங்க. அது செத்துச் செத்துச் சொல்லியிருக்கு. நீங்கதான் கேக்கலை. சூப்பர்வைசரைக் கூப்பிடுங்க.”

சூப்பர்வைசர் வந்தார். தங்கைக்குக் கொடுக்காமல் விட்ட உயரத்தையெல்லாம் கடவுள் அவருக்கே கொடுத்திருந்தார். பழுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட், களைத்த முகம்.

“தங்கச்சி எப்படியிருக்கா? நேரத்துக்குச் சாப்பிடறாளா? என்கிட்ட சரியாப் பேசவே மாட்டேங்கறா,” என்றார் வந்ததும் வராததுமாக. “எதைக் கேட்டாலும் காட்டறேன், வாங்க. அவ மேல தப்பில்லைன்னு நீங்கதான் நிரூபிக்கணும்.”

குரலில் கள்ளம் இல்லை. நாத்தனாருக்கு மனிதரைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனவர்களின் பேன்ட்டைப் பார்க்கும் கெட்ட பழக்கம் மட்டும் அவளை விடவில்லை. முழங்காலுக்குக் கீழே, கறுப்புத் துணியில், செங்கல் நிறத்தில் ஏழெட்டுப் புள்ளிகள்.

“என்னண்ணே, துருவா?” என்று கேட்டாள்.

“பழைய பைப்பு நிறைய இருக்குங்க. எங்க சாஞ்சாலும் துருதான்,” என்று சிரித்தார் அவர்.

நாத்தனார் சிரித்து வைத்தாள். அண்ணி பின்னால் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். இருவருக்கும் நடுவே அப்படி நாலைந்து பார்வைகள் வழக்கத்தில் உண்டு. இது, வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்து வை என்பது.

சாயம் போடும் கூடத்தைக் கடந்து போனார்கள். ஆவி முகத்தில் அறைந்தது. தரை வாய்க்காலில் ஊதாத் தண்ணீர் ஓடியது. வேலையாட்களின் கைகள் முழங்கை வரை நீலம். கருநீலச் சீருடைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று படாத நிறமில்லை. நாத்தனார் நின்று நின்று பார்த்தாள். அவள் கடைக்கு இந்தச் சட்டைகள் வந்திருந்தால் கதவைச் சாத்திவிட்டு ஓடியிருப்பாள்.

வெளியே சுத்திகரிப்பு முற்றம். அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. முதல் தொட்டியில் சாயத் தண்ணீர் சேரும். இரண்டாவது தொட்டியில், தண்ணீரின் காரத்தை அடக்க அமிலம் ஊற்றுவார்கள். அதைத் தாண்டினால் மூன்று தூண்கள். தொட்டிக்காரர் விழுந்தது இரண்டாவது தொட்டியின் படிக்கட்டில்.

“மூட்டை எங்க தூக்கினார்?” என்று கேட்டாள் அண்ணி.

“மூட்டை தூணுக்கு மேலதாங்க ஏத்தணும். அந்தப் பக்கம்.”

“விழுந்தது இந்தப் பக்கம்.”

சூப்பர்வைசர் தலையை மட்டும் ஆட்டினார்.

அண்ணி ஒவ்வொரு தூணிலும் பதித்திருந்த வட்டக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். பொடி உருண்டைகள் வெள்ளையாக, ஆலங்கட்டி மாதிரி கிடந்தன. நாத்தனாரும் எட்டிப் பார்த்தாள். வாய்க்கால் ஊதா, சுவர் ஊதா, ஆளின் நகக்கண் ஊதா. இந்த முற்றத்தில் சாயத்தைப் பிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒரே பொருளின் மேல் மட்டும் சாயம் இல்லை.

“இவ்வளவு சுத்தமான வேலைக்காரனை நான் பார்த்ததில்லை,” என்றாள். “வேலைக்கே வராதவன்தான் இப்படி இருப்பான்.”

அண்ணி சூப்பர்வைசரிடம் திரும்பினாள். “பழைய பொடி ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா?”

அவர் கண் கிடங்குப் பக்கம் போய் வந்தது. “கிடங்குல ஏதோ மூட்டை கிடக்கும்.”

“அப்ப உங்க தங்கச்சியையும் கூப்பிட்டுடலாம். கேட்டுக்கு வெளிய கார்லதான் இருக்காங்க.”

அந்தம்மா உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருப்பதாக முதலாளி குறுக்கே வந்தார். பத்திரிகைக்காரர்களுக்கு மீன் போட்டோவை வரிசையாக அனுப்பி வைக்கலாமா என்று அண்ணி மரியாதையாகக் கேட்டாள். உத்தரவு அங்கேயே ரத்தானது.

கிடங்கில் எட்டு மூட்டைகள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. பொடி டாக்டர் உள்ளே வந்தவள் அண்ணனைப் பார்த்து ஒரு நொடி நின்றாள். பிறகு யாரையும் கேட்காமல் மேல் மூட்டையின் கட்டை அவிழ்த்தாள். உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள்.

உருண்டைகள் கருநாவல் நிறத்தில் இருந்தன.

அவள் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓடினாள். ஒரு உருண்டையை நகத்தால் இரண்டாகப் பிளந்தாள். நடுவரை அதே ஊதா. அடுத்த மூட்டை. அதற்கடுத்த மூட்டை. எட்டும் அப்படியே.

“சாயத்தைப் பிடிச்சிருக்கு அண்ணா,” என்றாள். “மேல ஒட்டிக்கிட்டு நிக்கலை, உள்ள போயிருக்கு. கடைசி ஓட்டை வரைக்கும் போயிருக்கு. லேப்ல கூட இவ்வளவு பிடிச்சதில்லை. பாரேன்.”

அவள் கையை நீட்டினாள். அண்ணன் அந்த உருண்டைகளைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் துளிக்கூட இல்லை. இந்த மனிதர் நல்லவராகவே இருந்து தொலைக்கட்டும் என்று நாத்தனார் காலையிலிருந்து மனசின் ஒரு மூலையில் வேண்டிக்கொண்டிருந்தாள்.

“ஆக, பொடி வேலை செஞ்சிருக்கு,” என்றார் முதலாளி. பித்தளைப் பலகையை எங்கே போட்டோம் என்று அவர் மனசு தேட ஆரம்பித்துவிட்டது முகத்தில் தெரிந்தது.

“இந்த எட்டு மூட்டை செஞ்சிருக்கு,” என்றாள் அண்ணி. “தூணுக்குள்ள இருக்கிறது செய்யலை. வெள்ளையா கிடக்கு. ஆனா அது வழியா வந்த தண்ணியும் நிறமில்லாமத்தான் வந்திருக்கு. சான்றிதழ் வாங்கியிருக்கீங்க. தண்ணியில சாயம் இல்லை, பொடியிலயும் சாயம் இல்லை. அப்ப சாயம் எங்க போச்சு?”

அண்ணி நாத்தனாரின் கையிலிருந்த பிளாஸ்டிக் பையைக் காட்டினாள்.

“நீ சொல்லு,” என்றாள் நாத்தனாரிடம்.

நாத்தனார் பிளாஸ்டிக் பையிலிருந்து தொட்டிக்காரரின் சட்டையை எடுத்து மூட்டையின் மேல் விரித்தாள். கருநீலச் சட்டை. நெஞ்சிலும் கையிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக்கள்.

“இங்க எல்லார் சட்டையிலயும் சாயம் ஏறின கறை. இதுல மட்டும் சாயம் போன கறை. பிளீச் பட்டிருக்கு. தண்ணி பொடிக்கு வர்றதுக்கு முன்னாடியே, தொட்டியில பிளீச்சை ஊத்தி நிறத்தைக் கொன்னுட்டாங்க. அப்புறம் அந்தத் தண்ணி சும்மா தூண் வழியா ஒரு நடை போயிட்டு வந்திருக்கு. அதுலதான் மீன் விட்டாங்க.”

முதலாளியின் முகம் வெளுத்தது. தொழிற்சாலையில் வெளுக்க வேண்டிய கடைசிப் பொருளும் வெளுத்தாயிற்று. “நான் இல்லை. எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றார்.

“தெரியாதுன்னு நல்லாவே தெரியுது,” என்றாள் அண்ணி. “உங்களுக்கு மீனோட நிறமே தெரியலை.”

நாத்தனார் சூப்பர்வைசரின் பக்கம் திரும்பினாள். இருபது வருடக் கடை வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறாள். இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

“துருன்னா துணி மேல ஏறி உக்காரும் அண்ணே. சுரண்டினா வரும். உங்க பேன்ட்ல இருக்கிறது துணியோட நிறத்தையே கழட்டியிருக்கு. கறுப்புல பிளீச் பட்டா வெள்ளையாகாது. இந்தச் செங்கல் நிறம்தான் வரும்.”

பொடி டாக்டர் அண்ணனின் முழங்காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த உருண்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

“அஞ்சாம் நாள் தண்ணி ஊதாவா வந்துச்சு,” என்றார் அவர். தரையைப் பார்த்துத்தான் பேசினார். “மறுநாள் ஆய்வுக் குழு வருது. உன் பேரைப் பலகையில வெட்டி மாட்டியாச்சு. மாத்துப் பொடி ஒரே ஒரு லோடு இருந்துச்சு. அதையும் போட்டு அதுவும் தோத்துப்போச்சுன்னா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு. போட்டுட்டு, முன்னாடி தொட்டியில பிளீச் ஊத்திட்டேன். ஒரு நாளைக்குன்னுதான் ஊத்தினேன். தோத்துப்போச்சுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ எட்டு வருஷம் தூங்காம செஞ்சது.”

“தோக்கலை,” என்றாள் தங்கை. “நிறைஞ்சு போச்சு. அஞ்சு நாள்ல நிறையும். உப்பு கலந்த ஸ்பிரிட்டை விட்டு ஒரு மணி நேரம் கழுவினா எல்லாச் சாயமும் வெளிய வந்து, திரும்பப் புதுசாயிடும். எழுதிக் கொடுத்தேனே.”

“எதுல?”

“நான் கொடுத்த குறிப்புல. நாலாம் பக்கம்.”

அவர் பேன்ட்டிலிருந்த புள்ளி ஒன்றை விரலால் தேய்த்தார்.

“நீ எத்தனை பக்கம் படிச்சே?”

“முதல் பக்கம்,” என்றார். “அதுல உன் பேர் பெரிசா போட்டிருந்துச்சு. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.”

தங்கச்சி எழுதியதை எந்த அண்ணன் இதுவரை கடைசி வரை படித்திருக்கிறான் என்று நாத்தனாருக்கு நாக்கு நுனி வரை வந்தது. தன் சொந்த அண்ணன், அதாவது அண்ணியின் கணவர், மருந்துச் சீட்டையே அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறவர். ஆனால் எதிரே நிற்கிறவளின் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் விழுங்கினாள்.

“அவருக்கு என்ன ஆச்சு?” என்றாள் பொடி டாக்டர்.

“அமிலத்தை நான்தான் பார்த்துப் பார்த்து ஊத்துவேன். பிளீச்சோட சேரக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு பிளீச்சை ஊத்திட்டு, ஒரு போன் வந்துச்சுன்னு உள்ள போனேன். அவர் எனக்கு உதவியா இருக்கட்டும்னு அமிலத்தைத் திறந்துட்டார். நான் ஓடி வரும்போது மஞ்சளா புகை.”

“குளோரின்.” அவள் கையில் ஏற்கெனவே போன் இருந்தது. “ஆறு நாளா அவருக்கு உலோகத்துக்கு மருந்து ஏத்தறாங்க. உனக்குத் தெரியும்.”

“உன்னைக் காப்பாத்தத்தான் எல்லாம் செஞ்சேன்மா.”

பதில் சொன்னது அண்ணி. “பிளீச் ஊத்தினது தங்கச்சிக்காக. சரி. இந்த ஆறு நாளா வாயை மூடிக்கிட்டிருந்தது உங்களுக்காக. விஷம்னு ஊரே சொன்னது அவங்க பொடியைத்தான். ரெண்டையும் ஒரே மூட்டையில போட்டுக் கட்டாதீங்க.”

சூப்பர்வைசர் மெல்ல ஊதா மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அவ்வளவு உயரமான மனிதர் உட்கார்ந்ததும் தங்கையின் தோள் அளவுக்கு வந்துவிட்டார்.

அவள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் பேசினாள். இந்தத் தடவை தன் பெயரைச் சொல்லவில்லை. என்ன வாயு, எவ்வளவு நேரம், எந்தத் தொட்டி என்பதை மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் நிறையக் கேள்வி வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, போனை அண்ணனிடம் நீட்டினாள். “பார்த்தவன் நீதான். நீ சொல்லு.” அவர் சொன்னார். அவர் சொல்லி முடித்த அந்த நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் மருந்தை நிறுத்தினார்கள்.

“ஏறு,” என்றாள் கார் பக்கத்தில் வந்ததும். “அவரோட மனைவிகிட்டயும் நீயே சொல்லணும்.”

காரில் நாலு பேர். சிக்னலில் நின்றபோது நாத்தனார் வாயைத் திறந்தாள். காரின் முன்கண்ணாடியில் தெரிந்த அண்ணியின் பார்வையைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

தொட்டிக்காரரின் மனைவி அதே பெஞ்சில் இருந்தாள். சூப்பர்வைசரைக் கண்டதும் எழுந்து நின்றாள். தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போதுதான் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் தெரிந்தது. அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“காலையில வந்தீங்களே,” என்றாள் கடைசியில். “அப்பவும் தெரியுமா?”

“தெரியும்மா.”

“நேத்து?”

“தெரியும்.”

“அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்களே. அன்னிக்கு?”

அவரால் தலையை ஆட்ட மட்டும்தான் முடிந்தது.

அவள் குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தாள். காலையில் அவர் வாங்கி வந்த பழங்கள். முடிச்சு கூட அவிழ்க்கவில்லை. அதை அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டாள். பிறகு அவரைக் கடந்து பொடி டாக்டரிடம் வந்தாள்.

“அந்தப் புகைக்கு மருந்து இருக்கா?”

“நுரையீரல் தானா ஆறணும். ஆற வைக்க மருந்து இருக்கு. தப்பான மருந்தை நிறுத்திட்டாங்க.”

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. உக்காருங்க,” என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

தொட்டிக்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் குழாய் இல்லாமல் மூச்சு விட அவருக்கு இன்னும் பதினொரு நாள் பிடித்தது. படிக்கட்டு ஏற முடியாமல் போனது மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ஆராய்ச்சி நிலையம் பூட்டைத் திறந்துவிட்டு, பூட்டியது பாதுகாப்புக்காகத்தான் என்று ஒரு கடிதம் அனுப்பியது. முதலாளி பித்தளைப் பலகையைத் தேடிக் கண்டுபிடித்துப் பளபளவென்று துலக்கி மாட்டினார். பொடி டாக்டர் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து கழற்றிக்கொண்டு போனாள். இதெல்லாம் பின்னால்.

அன்றைக்கு மாலை நாலு மணிக்கு, அண்ணியும் நாத்தனாரும் சூப்பர்வைசரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். தப்பி ஓடுகிற ஆளில்லை. இருந்தாலும் படியேறும்போது நாத்தனார் ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேஜைக்குப் பின்னாலிருந்த எழுத்தர் பேனாவைத் திறந்தார். எதிரே நின்ற நெடிய மனிதரை மேலும் கீழும் பார்த்தார்.

“கையில என்ன?”

“பழம்.”

“யாருக்கு?”

சூப்பர்வைசர் பையைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார். அவள் பிடித்திருந்த கையை விடவில்லை. எழுத்தர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.